ஐந்து நொடிக்குள் எழுந்துவிடும்

அப்பாவின் பாதங்கள் இரண்டும் வீங்கி, செருப்பு வார் தோலுக்குள் அமிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் கத்தினேன்.

“பதினோரு மணிக்கு வாங்கன்னு சொன்னது நீங்கதானே? இப்ப பெட் இல்லைன்னா என்ன அர்த்தம்?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதனால் அந்த டயாலிசிஸ் மையத்தில் டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் பென்சில் அக்கா. அவர் எழுந்து நின்று பதில் சொன்னார்.

“மாத்தினேம்மா. திங்கட்கிழமை மத்தியானம் ரெண்டே காலுக்கு நீங்க போன் பண்ணீங்க. புதன்கிழமை காலையில கண் டாக்டரைப் பார்க்கணும், ஏழு மணியைப் பதினொண்ணுக்கு மாத்துங்கன்னீங்க. உடனே மாத்தினேன்.”

“மாத்தியிருந்தா லிஸ்ட்ல இருந்திருக்கும். ஏழு மணிக்கு அப்பா பேரைக் கூப்பிட்டிருக்காங்க. ஆள் வரலைன்னு பெட்டை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க. பதினொண்ணுல அவர் பேரே இல்லை.”

“பதிவாயிடுச்சுன்னுதான் ஸ்கிரீன்ல வந்துச்சு.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. மனுஷங்கதான் செய்ய மறந்துட்டு மழுப்புவாங்க.”

வரிசையில் நின்ற பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன். நான் சாதாரண நோயாளியின் மகள் இல்லை. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, அந்த மையத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்பவள். கம்ப்யூட்டரைப் பற்றி நான் ஒன்று சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. பெயருக்குத்தான் கோபத்தில் சொன்ன வார்த்தை. எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்துத்தான் குத்தினேன்.

“போன வாரம் எங்க மாமனாரையும் இப்படித்தான் அலைய விட்டாங்க” என்றார் வரிசையில் ஒருவர்.

“இந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. வீட்ல உட்கார வேண்டியதுதானே” என்றாள் ஒரு பெண்.

சத்தம் கேட்டு நிர்வாகி தன் அறையிலிருந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் எப்போதும் போல ஒரு கோப்பு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பென்சில் அக்காவிடம் திரும்பினார்.

“இந்த மாசத்துல இது ஏழாவது புகார். மூணு மணிக்கு என் ரூமுக்கு வாங்க. மேடம், நீங்களும் வாங்க. சர்வர் ஒழுங்காத்தான் ஓடுச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க. அது மட்டும் கையில இருந்தா இன்னிக்கே முடிச்சிடுவேன்.”

“முடிக்கிறதுன்னா என்ன சார்?” என்று கேட்டார் பென்சில் அக்கா.

“நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு அர்த்தம்.”

அவர் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்து, மறுபடி செருகிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, “அடுத்து யாருங்க?” என்றார்.

நான் அப்பாவை பெஞ்சில் உட்கார வைத்தேன். நாலு மணிக்கு ஒரு பெட் காலியாகலாம் என்றாள் நர்ஸ். ‘லாம்’ என்று அவள் இழுத்த இழுப்பில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எந்த நெரிசலிலும் அவருக்குக் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

“நீ மேல போய் உன் வேலையைப் பாரு. நீ இங்க நின்னு கத்துறதால என் கிட்னி பயந்துபோய் வேலை செஞ்சிடாது.”

“சும்மா இருங்கப்பா. அந்தம்மாவை இன்னிக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், “பொண்ணு எங்க வேலை பார்க்குது?” என்று கேட்டார்.

“சர்வர்” என்றார் அப்பா.

“எந்த ஹோட்டல்ல?”

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படியேறினேன்.

மூன்றாம் மாடியில் எங்கள் அறை சிறியது. இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஓயாமல் இரையும் ஒரு ஏசி. அங்கே நானும் ஒரு தம்பியும். உடன்பிறந்தவன் இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கு அவன் தம்பி. அந்த முன்பதிவு புரோகிராமை எழுதியவன் அவன். எழுதியதை சர்வரில் ஏற்றி, விழாமல் பார்த்துக்கொள்பவள் நான். டாக்டரின் வேலை மருந்து எழுதுவது, நர்ஸின் வேலை நோயாளியைப் பார்த்துக்கொள்வது. அப்படித்தான் எங்களுக்குள்ளும் பங்கு பிரிந்திருந்தது.

ரிப்போர்ட் எடுக்க இரண்டு நிமிடம் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சின்ன நிரல் புரோகிராமை எட்டிப் பார்த்து, “இருக்கியா?” என்று கேட்கும். “இருக்கேன்” என்று பதில் வந்தால் ஒரு பச்சைக் கோடு போடும். ஏழு மாதமாகப் பச்சையைத் தவிர வேறு நிறம் இல்லை. நூறு சதவீதம். மாதாமாதம் நிர்வாகிக்கு நான் பெருமையாக அனுப்பும் தாள் அது. அச்சிட்டு எடுத்தேன். சூடாக வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை. திங்கட்கிழமை இரண்டே காலுக்கு அந்த அம்மாள் ஒன்றும் செய்யவே இல்லை என்பதை வரி வரியாகக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கோபத்துக்குச் சோறு போட்டால் அது இன்னும் கொஞ்சம் கேட்கும். சர்வரின் லாக்கைத் திறந்தேன். யார் எப்போது வந்து என்ன கேட்டார்கள், சர்வர் என்ன பதில் சொன்னது என்று அது தானாகவே எழுதிக்கொண்டு போகும்.

இரண்டு மணி பதினைந்து நிமிடம். கவுன்டரிலிருந்து ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அப்பாவின் எண். ஏழிலிருந்து பதினொன்று. “பதிவாகிவிட்டது” என்று பதில் போயிருக்கிறது.

அடுத்த வரிகளைப் பார்த்தேன். இரண்டு பதினெட்டுக்கு ஒரு வரி: நினைவகம் தீர்ந்தது, புரோகிராம் நின்றது. அதே பதினெட்டில், ஐந்து நொடி கழித்து இன்னொரு வரி: புரோகிராம் மீண்டும் தொடங்கியது.

திங்கட்கிழமை நான் எதையும் நிறுத்தவில்லை, எதையும் புதிதாக ஏற்றவும் இல்லை. எத்தனை முறை இப்படி நின்று எழுந்திருக்கிறது என்று கேட்டேன். ஒரே வரியில் சர்வர் பதில் சொன்னது. இருநூற்றுப் பன்னிரண்டு.

“தம்பி, இங்க வா.”

அவன் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு நாற்காலியோடு உருண்டு வந்தான்.

“இது என்ன?”

“அதுவா. மெமரி லீக்கா. ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டே போகும். நிரம்புச்சுன்னா செத்துடும். எங்க லீக் ஆகுதுன்னு பிடிபடவே இல்லை. அதான் நீங்க ஆட்டோ ரீஸ்டார்ட் போட்டுட்டீங்களே. அஞ்சு செகண்ட்தானே, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பச்சைக் கோட்டுக்கே தெரியாது.”

“மாத்தினது எல்லாம் டேட்டாபேஸ்ல உடனே ஏறுதா?”

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

“பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா ஏத்துறேன். ஆரம்பத்துல டேட்டாபேஸ் ரொம்ப ஸ்லோவா இருந்துச்சுல்ல. அதுவரைக்கும் தற்காலிகமா மெமரிலதான் இருக்கும்.”

“மெமரில இருக்கும்போது செத்தா?”

திரையில் பதினெட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் அவன் கண் போய்ப் போய் வந்தது.

எனக்கு இப்போது வந்த கோபம் வேறு. காலையில் வந்தது எரிந்தது, இது உறைந்தது. யார் மீது என்று தேடினேன். அவன் மீது கொஞ்சம் போட்டேன். மிச்சம் எல்லாம் என் மடியிலேயே வந்து விழுந்தது.

ஏனென்றால் அந்த ஆட்டோ ரீஸ்டார்ட்டை எப்போது போட்டேன் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் புரோகிராம் விழும்போதெல்லாம் என் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தேன். ஒரு நாள் பிரார்த்தனைக் கூடத்தில் எல்லோரும் கண் மூடி உட்கார்ந்திருந்தபோது அது கிணுகிணு என்று அலறியது. அவமானமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு காரியம் செய்தேன். புரோகிராம் விழுந்தால் தானாக எழுப்பிவிட ஒரு காவல் நிரலை வைத்தேன். மணியை அணைத்தேன். கடவுளோடு பேசும்போது தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தேன். அந்த மணியை அடித்தவர் அவராகவே இருக்கலாம் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

விழுந்தவன் ஏன் விழுந்தான் என்று கேட்காமல், தூக்கி நிறுத்தி ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு முறை. அவன் கையிலிருந்து கீழே சிந்தியது என்ன என்று ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க” என்றான் தம்பி. “ரிப்போர்ட்ல இருக்கிறது பொய் இல்லை. அதை அப்படியே கொடுத்துடுங்க. லீக்கை நான் இந்த வாரத்துலயே எப்படியாவது பிடிச்சிடறேன். யாருக்கும் தெரியாது. அந்தம்மா எப்படியும் ரிட்டயர் ஆகுற வயசு.”

“உங்கம்மாவுக்கு என்ன வயசு?”

“ஏன்க்கா?”

“அவங்களை யாராவது பொய்க்காரின்னு சொல்லி வேலையை விட்டு அனுப்பினா, ரிட்டயர் ஆகுற வயசுதானேன்னு விட்டுடுவியா?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“அதைத்தான் சொன்ன. பிஸ்கட்டை மூடி வச்சுட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த நொடியே டேட்டாபேஸ்ல ஏத்துற மாதிரி மாத்து. ஸ்லோவானா ஆகட்டும். ஏத்தி முடிச்சப்புறம்தான் ‘பதிவாகிவிட்டது’ன்னு வரணும். முன்னாடி வந்தா அது பொய்.”

கீழே இறங்கும்போது மணி ஒன்று. பெஞ்சில் அப்பா இல்லை. நர்ஸைப் பிடித்துக் கேட்டேன்.

“உள்ள மெஷின்ல இருக்காரு. பன்னிரண்டேகாலுக்கே போட்டுட்டோம்.”

“நாலு மணின்னீங்களே?”

“பென்சில் அக்கா பன்னிரண்டு மணிக்காரர்கிட்ட பேசி, அவரை நாலு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க.”

அப்பா கட்டிலில் கண் மூடிப் படுத்திருந்தார். குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தார்.

“வந்துட்டியா, சர்வரம்மா.”

“எப்படிப்பா இருக்கு?”

“தேவலை. பெஞ்சில உட்கார்ந்திருந்தப்ப கவுன்டர்ல இருக்கிற அந்தப் பொண்ணு, தான் உட்கார்ற இடத்திலேர்ந்து ஸ்டூலை எடுத்துட்டு வந்து என் காலைத் தூக்கி வச்சிச்சு. நீ கத்திட்டுப் போனப்புறம்.” மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். “கத்தினது நீ. ஸ்டூல் போட்டது அவங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

கவுன்டரில் ‘உணவு இடைவேளை’ என்ற அட்டை தொங்கியது. அதன் பின்னால் கோப்புகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. பென்சில் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு நீளமான நோட்டு.

“அக்கா.”

“மணி மூணு ஆகலையேம்மா. அதுக்குள்ள கூப்பிட வந்துட்டீங்களா?”

“இல்லைக்கா. நீங்க திங்கட்கிழமை மாத்தினது சரி. சர்வர்லதான் தொலைஞ்சுபோச்சு. லாக்கைப் பார்த்தேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் இன்னும் இறுகியது.

“இப்பத்தான் பார்த்தீங்களா?”

“ஆமா.”

“ஏழு மாசத்துக்கு முன்னாடி உங்க ரூமுக்கு நான் படியேறி வந்தேன். ஞாபகம் இருக்கா? போடுறதெல்லாம் காணாமப் போகுதும்மான்னு சொன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலை. ‘சர்வர் ஓடிட்டுத்தான் இருக்கு, நீங்க சேவ் பட்டனை ஒழுங்கா அமுக்குங்க’ன்னு சொன்னீங்க.”

எனக்கு நினைவில்லை. அதுதான் கொடுமை. சொன்னவளுக்கு நினைவில்லாத வார்த்தையை ஒருத்தி ஏழு மாதம் சுமந்திருக்கிறாள்.

“அன்னிலேர்ந்து ரெண்டு தடவை அமுக்குறேன்” என்றார். “ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவை. என் மேலதான் தப்போன்னு.”

ரெண்டு தடவை அமுக்கினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் இருந்திருக்கும், இரண்டும் ஒன்றாகத்தான் செத்திருக்கும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இந்த நோட்டு என்னக்கா?”

“நீங்க நம்பலை. அதனால நான் எழுத ஆரம்பிச்சேன். ‘பதிவாயிடுச்சு’ன்னு வந்ததும் நேரத்தோட எழுதிப்பேன். சாயங்காலம் கவுன்டரை மூடினப்புறம் உட்கார்ந்து நோட்டையும் ஸ்கிரீனையும் ஒத்துப் பார்ப்பேன். ஸ்கிரீன்ல இருந்தா ஒரு டிக். இல்லைன்னா மறுபடி போட்டுட்டு ரெண்டு டிக்.”

நோட்டைப் புரட்டினேன். பென்சில் எழுத்து, பக்கம் பக்கமாக. நாளுக்கு மூன்று, நான்கு இடங்களில் இரட்டை டிக். ஒவ்வொரு இரட்டை டிக்கும் ஒரு ஆள். காலையில் வந்து, பெட் இல்லை என்று கேட்டு, என் அப்பா மாதிரி வீங்கிய காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். உட்காராமல் போனவர். என் பச்சைக் கோடுகள் காப்பாற்றியதாக நான் நினைத்துக்கொண்டிருந்த மையத்தை, இந்தப் பென்சில் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

“அப்ப இந்த மாசம் மட்டும் ஏன் ஏழு?”

“போன மாசக் கடைசியில சார் சுற்றறிக்கை விட்டாரு. அஞ்சு மணிக்கு மேல யாரும் இருக்கக் கூடாது, லைட்டை அணைச்சிடணும்னு. அஞ்சு மணி வரைக்கும் வரிசை நிக்குது. நான் எப்ப ஒத்துப் பார்ப்பேன்? நடுவுல முடிஞ்ச வரைக்கும் பார்த்தேன். ஏழு பேர் பேரு விட்டுப்போச்சு. உங்கப்பா ஏழாவது.” டப்பாவை மூடினார். “அவர் காலைப் பார்த்துத்தான் ஸ்டூலை எடுத்துட்டு வந்தேன். நீங்க திட்டினதுக்காக இல்லை.”

“இதை ஏன் சார்கிட்ட காட்டலை?”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீங்க சொல்றீங்க. பென்சில்ல எழுதின நோட்டை யாரும்மா நம்புவாங்க?”

மூன்று மணிக்கு நிர்வாகியின் அறையில் யாரும் உட்காரவில்லை. பென்சில் அக்காவுக்கு நாற்காலி போடச் சொல்லவில்லை, அதனால் நானும் நின்றேன். கூப்பிடாமலே தம்பியும் வந்து கதவோரம் நின்றான்.

“ரிப்போர்ட்?” என்று கையை நீட்டினார் நிர்வாகி.

கொடுத்தேன். “நூறு சதவீதம்” என்று வாய்விட்டுப் படித்தார். “அவ்வளவுதான். வேற என்ன வேணும்?”

“அந்தத் தாள்ல இருக்கிறது பொய் சார்.”

“எழுதிக் கொடுத்தது நீங்கதானே?”

“ஆமா. ஏழு மாசமா நான்தான் எழுதிக் கொடுத்தேன். உங்ககிட்ட இருக்கிற ஏழு புகாரையும் ஒண்ணு ஒண்ணாப் படிங்க. எப்ப மாத்தச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கோப்பைத் திறந்தார். “மூணாம் தேதி. காலையில போன் பண்ணினதா எழுதியிருக்கு.”

பென்சில் அக்கா நோட்டைப் பார்த்து, “பதினொண்ணு நாற்பது” என்றார்.

நான் அச்சிட்டு எடுத்து வந்திருந்த லாக்கைப் பார்த்தேன். “பதினொண்ணு நாற்பத்தாறுக்குப் புரோகிராம் செத்திருக்கு.”

“எட்டாம் தேதி.”

“மத்தியானம் ஒரு மணி ரெண்டு நிமிஷம்.”

“ஒண்ணு ஒன்பதுக்குச் செத்திருக்கு.”

நான்காவதில் நிர்வாகியின் குரல் இறங்கியது. ஆறாவதில் தேதியைப் படிக்காமல் விரலால் மட்டும் காட்டினார். ஏழாவது என் அப்பா. அதை நானே படித்தேன்.

நிர்வாகி நாற்காலியில் சாய்ந்தார். இப்போது அவருக்கு என் மீது கோபம். நியாயமான கோபம்தான்.

“நான் மேலிடத்துக்கு ஒரு பேர் எழுதணும் மேடம். ஏழு குடும்பம் புகார் கொடுத்திருக்கு. யார் பேரை எழுதட்டும்?”

“என் பேரை எழுதுங்க. மணியை அணைச்சது நான். இவங்க வந்து சொன்னப்ப கேட்காதது நான்.”

கதவோரத்திலிருந்து, தரையைப் பார்த்தபடி, “என் பேரும் சார். புரோகிராமை எழுதினது நான்தான்” என்றான் தம்பி.

பிறகு பென்சில் அக்கா, மிகவும் பணிவாகக் கேட்டார்.

“அஞ்சு மணி சுற்றறிக்கையில கையெழுத்துப் போட்டவங்க பேரும் எழுதுவீங்களா சார்?”

நிர்வாகி அவரைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கோப்பை மூடினார். “நீங்க போய் கவுன்டரைப் பாருங்க. வரிசை நிக்குதில்ல” என்றார். மன்னிப்புக் கேட்பது சிலருக்கு இவ்வளவுதான் வரும்.

வெளியே தாழ்வாரத்தில் நான் அவர் கையைப் பிடித்தேன். “அக்கா, என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் கையை விடுவித்துக்கொண்டார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“இந்த ஒரு மாசத்துல என்னைத் திட்டினவங்க எத்தனை பேர் தெரியுமா? கிழவின்னு ஒருத்தன். கண்ணு தெரியலையான்னு ஒருத்தி. புரோகிராம் எத்தனை தடவை செத்துச்சுன்னு உங்ககிட்ட கணக்கு இருக்கு. நான் எத்தனை தடவை செத்தேன்னு எந்த லாக்ல பார்ப்பீங்க?”

அவர் போய்விட்டார். நான் அங்கேயே சுவரைப் பார்த்து நின்றேன். மன்னிப்பைக்கூட நான் யாரும் இல்லாத தாழ்வாரத்தில் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திட்டியது பதினைந்து பேர் முன்னால்.

வியாழக்கிழமை முழுவதும் தம்பியும் நானும் வேலை செய்தோம். மாற்றங்கள் அந்தந்த நொடியே டேட்டாபேஸில் ஏறின. திரை சிறிது மெதுவாகத்தான் போனது. போகட்டும் என்று விட்டோம். மணியை மறுபடி வைத்தேன், என் போனிலும் தம்பி போனிலும். காவல் நிரலை எடுக்கவில்லை. விழுந்தால் எழுப்ப ஒருவர் வேண்டும்தான். ஆனால் எழுப்பியதைச் சொல்லாமல் மறைக்க இனி அதற்கு அனுமதி இல்லை. லீக் எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. அந்த ரிப்போர்ட் தாளில் ‘நூறு சதவீதம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘எத்தனை முறை நின்றது’ என்று ஒரு வரி சேர்த்தேன். முதல் நாளே அதில் ஒன்று என்று வந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. உண்மையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவோடு கவுன்டர் வரிசையில் நின்றேன். முறைப்படி வருபவர்கள் என்பதால் புதன்கிழமை முகங்கள் பல இருந்தன. மாமனாரை அலைய விட்டதாகச் சொன்னவரும் இருந்தார். என் முறை வந்தது. திரும்பி, வரிசையைப் பார்த்து நின்றேன். மனதுக்குள் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டேன்.

“புதன்கிழமை இவங்களை நான் எல்லார் முன்னாடியும் திட்டினேன். இவங்க மேல தப்பே இல்லை. உங்க பேரெல்லாம் தொலைஞ்சது சர்வர்ல. சர்வரைப் பார்த்துக்கிறது நான். ஏழு மாசமா இவங்கதான் தொலைஞ்சதைத் தேடித் தேடித் திரும்பப் போட்டிருக்காங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. மூணாவது மாடியில இருக்கேன்.”

மாமனார்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பென்சில் அக்காவைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டார்.

“முடிஞ்சுதா?” என்றார் பென்சில் அக்கா. “பின்னாடி ஆள் நிக்குது. அப்பாவுக்கு என்ன செய்யணும்?”

“திங்கட்கிழமை ஏழு மணியை ஒன்பதுக்கு மாத்தணும்க்கா. அந்தக் கண் டாக்டர்தான்.”

அவர் தட்டினார். பட்டனை ஒரு முறை அமுக்கினார். விரல் இரண்டாம் முறைக்கு இறங்கி, பட்டனுக்கு ஒரு நூல் மேலே நின்றது. என்னைப் பார்த்தார்.

“ஏறிடுச்சா?”

நான் போனை எடுத்து டேட்டாபேஸைப் பார்த்தேன். அப்பாவின் எண். ஒன்பது மணி.

“ஏறிடுச்சுக்கா.”

விரலை எடுத்துக்கொண்டார். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நோட்டைத் திறந்து, நேரத்தைப் பார்த்து எழுதினார்.

“அடுத்து யாருங்க?” என்றார்.